கேள்வி பதில்: நடுவே ஒரு தோடு (நீரோடை) ஓடும் ஜெர்மன் கிராமம்

போன இதழில் ஒரு மாணவர், "பெர்லின் மதில் மாதிரி வேறு எங்காவது மதில் இருந்ததா?" என்று கேட்டிருந்தார். இருந்தது, ஜெர்மனியிலேயே மோட்லராய்ட் என்ற சின்னக் கிராமத்துக்கு நடுவில் இருந்தது, ஏறக்குறைய ஐம்பது பேர் வாழும் ஊர் என்று நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. நம் குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, பளுகல், ஊரம்பு, கொல்லங்கோடு பக்கத்திலிருந்துதான் அதிகம். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது சட்டென்று மனதில் படும் போல. சரி, மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன், இந்த முறை பக்கம் முழுக்க மோட்லராய்ட்தான். நான் அங்கே போனதில்லை. பல வருடங்களாக ஆசைப்பட்டுப் படித்துச் சேர்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊர் எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? (வாசகர், பளுகல்)

ஜெர்மனி வரைபடத்தில் கிழக்குப் பக்கம் செக் நாடு ஒரு மூலையாக உள்ளே குத்திக்கொண்டு வரும், பாருங்கள். அந்த மூக்குக்குச் சற்று மேற்கே ஹோஃப் என்று ஒரு நகரம். அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான் மோட்லராய்ட். தெற்குப் பாதி பவேரியா மாநிலம், வடக்குப் பாதி தூரிங்கியா மாநிலம். மியூனிக்கிலிருந்து பெர்லின் போகும் பெரிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது. ஊர் என்னவோ மேடும் பள்ளமுமான வயல்களுக்கும் ஊசியிலைக் காட்டுக்கும் நடுவே சில வீடுகள், சில களஞ்சியங்கள், அவ்வளவுதான்.

பெயரில் முதல் எழுத்தை 'மோ' என்று எழுதினாலும், 'மே' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் குவித்தால் அவர்கள் சொல்லும் ஒலி வரும். எனக்குப் பிடித்தது அந்தப் பெயரின் வால்தான். 'ராய்ட்' என்றால் காட்டை வெட்டித் திருத்திய நிலம். அந்தப் பகுதியில் பல ஊர்ப் பெயர்கள் இப்படித்தான் முடிகின்றன, இசை விழாவுக்குப் பேர்போன பைராய்ட் நகரம் உட்பட. நம் ஊரில் எங்கே திரும்பினாலும் 'விளை' இருக்கிறதே, அந்த மாதிரி. மண்ணைத் திருத்திப் பயிர் வைத்தவர்கள் ஊருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்!

அந்த ஊருக்கு நடுவில் கோடு போட்டது யார்? ரஷ்யர்களா, அமெரிக்கர்களா? (கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்)

இரண்டு பேரும் இல்லை என்பதுதான் இதில் விசேஷம். கோடு அவர்களுக்கு முன்பே இருந்தது. ஊருக்கு நடுவே டான்பாக் என்று ஒரு நீரோடை ஓடுகிறது. ஆறு என்று நினைத்துவிடாதீர்கள், நாம் 'தோடு' என்று சொல்வோமே அந்த அளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தாவு தாவினால் அக்கரை. 1810இல், நெப்போலியன் காலத்தில், பைராய்ட் சீமை பவேரிய அரசின் கைக்கு வந்தது. அப்போது இந்தத் தோட்டையே பவேரியாவுக்கும் ராய்ஸ் என்ற சிற்றரசுக்கும் எல்லையாக வைத்து, கரையோரம் கல் நட்டார்கள். கல்லின் ஒரு பக்கம் பவேரிய முடியரசைக் குறிக்கும் 'கே.பி.', மறு பக்கம் ராய்ஸ் அரசைக் குறிக்கும் 'எஃப்.ஆர்.'

நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் கல்லால் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. வரி கட்டுகிற இடம் வேறு, வழக்குக்குப் போகிற இடம் வேறு, மற்றபடி ஒரே ஊர். பள்ளிக்கூடமும் உணவு விடுதியும் வடக்குக் கரையில் இருந்தன, தெற்குக் கரைப் பிள்ளைகள் தோட்டைத் தாண்டிப் படிக்கப் போனார்கள். கோயில் (கிறிஸ்தவ தேவாலயம்) பவேரியப் பக்கம் ட்யோப்பன் என்ற அடுத்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை வடக்குக் கரைக்காரர்கள் தோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். பெண் எடுத்ததும் கொடுத்ததும் இரண்டு கரைக்கும் இடையில்தான்.

முடியாட்சிகள் போயின, ராய்ஸ் 1920இல் தூரிங்கியா மாநிலத்தோடு சேர்ந்தது, தோடு மாநில எல்லையாகத் தொடர்ந்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1944 செப்டம்பரில் லண்டனில் நேச நாடுகள் உட்கார்ந்து, தோற்கப் போகும் ஜெர்மனியை யார் யார் எந்தப் பகுதியில் ஆள்வது என்று பிரித்தபோது, புதுக்கோடு போடாமல் பழைய மாநில, மாவட்ட எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். பவேரியா அமெரிக்காவுக்கு, தூரிங்கியா சோவியத்துக்கு. 1945 ஜூலையில் தூரிங்கியாவிலிருந்து அமெரிக்கப் படை விலகி சோவியத் படை வந்தது. 1949இல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று இரண்டு நாடுகள். தோட்டின் தெற்குக் கரை மேற்கு ஜெர்மனி, வடக்குக் கரை கிழக்கு ஜெர்மனி. யாரோ எப்போதோ வரி வசூலுக்காக நட்ட ஒரு கல் இப்படி உலகத்தையே இரண்டாகப் பிரிக்கிற கல்லாக மாறிவிட்டது.

நமக்கும் இது தெரிந்த கதைதான். விளவங்கோடு தாலுகாவுக்கும் நெய்யாற்றின்கரை தாலுகாவுக்கும் இடையே ஒரு கோடு திருவிதாங்கூர் காலத்திலேயே இருந்தது, அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விடிந்தபோது அது மாநில எல்லை.

மதிலை ஒரே நாளில் கட்டினார்களா? இரண்டு பக்கமும் இருந்த சொந்தக்காரர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? (வாசகி, களியக்காவிளை)

அம்மா, உங்கள் கடிதத்தில் "எங்கள் வீட்டுச் சமையலறை தமிழ்நாடு, ரப்பர் தோட்டம் கேரளா" என்று எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே நாளில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். தொடக்கத்தில் அனுமதிச் சீட்டு இருந்தால் தோட்டைத் தாண்டலாம், வயலுக்கோ கோயிலுக்கோ போய்விட்டு வரலாம். 1952 மே 26ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி அரசு அதை நிறுத்தியது. எல்லை நெடுக 10 மீட்டர் அகலத்துக்கு மண்ணை உழுது வெறுமையாகப் போட்டார்கள், காலடி விழுந்தால் தெரிய வேண்டும் என்று. அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடை மண்டலம். மோட்லராய்டின் வடக்குப் பாதி முழுவதும் அந்த 500 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. தோட்டோரம் ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி வந்தது. மறைத்தது வழியை மட்டும் அல்ல, முகத்தையும்தான்.

அதே வருடம் ஜூன் மாதம், நம்பகமில்லாதவர்கள் என்று அரசு முத்திரை குத்திய குடும்பங்களை எல்லையோர ஊர்களிலிருந்து லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லை முழுவதும் எட்டாயிரம் பேருக்கு மேல் இப்படி வீட்டை இழந்தார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் 'உன்கெட்சீஃபர்', அதாவது பூச்சி, புழு, எலி போன்ற வீட்டு நச்சுகளைக் குறிக்கும் சொல். சொந்த நாட்டுக் குடிமக்களுக்கு அந்தப் பெயர். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மோட்லராய்டில் தோட்டோரம் மாவு அரைக்கும் தண்ணீர் ஆலை ஒன்று இருந்தது, அந்த ஆலைக்காரர் குடும்பம் அந்தச் சமயத்தில் மேற்குக் கரைக்குத் தப்பியது. ஆலை பிறகு இடிக்கப்பட்டது.

1961இல் பெர்லினில் மதில் எழுந்தபின் இங்கே முள்கம்பி அதிகமாயிற்று. 1966இல் பலகை வேலியை எடுத்துவிட்டு கான்கிரீட் மதில் கட்டினார்கள். 700 மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். காவல் கோபுரம், இரவெல்லாம் எரியும் விளக்கு, நாய்கள். ஐம்பது பேர் ஊருக்கு! பெர்லின் மாதிரியே மதில் இருந்ததால் அந்தப் பக்கம் காவலுக்கு இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 'குட்டி பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்றால், பார்த்துக்கொள்ளவில்லை. மேற்குக் கரையில் மேட்டில் நின்றால் மதிலுக்கு மேலாக அக்கரை வீடுகளும் முற்றமும் தெரியும். மேற்கில் இருந்தவர்கள் கை அசைப்பார்கள். கிழக்கில் இருந்தவர்கள் பதிலுக்குக் கை அசைக்கக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது, அது தடை. அக்கா தங்கையாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனிக்குள்ளேயே வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கூட முன் அனுமதி இல்லாமல் மோட்லராய்டுக்கு வர முடியாது. 1970களில் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டபின் மேற்கு எல்லையோரத்து மக்கள் விண்ணப்பம் போட்டு, தூரத்தில் உள்ள கடவுப்பாதையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போய்வர வழி பிறந்தது, ஆனால் இந்தப் பட்டைக்குள் வர அப்போதும் விடவில்லை. ஐம்பது அடி தூரத்தில் தெரியும் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பேரும் வேறு ஏதோ ஒரு ஊருக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

2020இல் கொரோனா வந்தபோது எல்லையில் சின்னச் சின்ன வழிகளை எல்லாம் மறித்துப் போட்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். என் பெரியம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை பக்கம். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். அந்த மாதங்களில் அம்மா தினமும் சாயங்காலம் வழி மறித்த இடம் வரை போய் நின்றுவிட்டு வருவார், பெரியம்மாவும் சில நாள் அந்தப் பக்கம் வந்து நிற்பார், கை காட்டிக்கொள்வார்கள், சத்தம் போட்டு "மருந்து சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கே அம்மா வீட்டுக்கு வந்து அழுதார். மோட்லராய்டில் 37 வருடம், அதுவும் கை காட்டக்கூட வழியில்லாமல். அம்மாவின் அந்தச் சாயங்காலங்களைப் பார்த்த பிறகுதான் நான் இந்த ஊரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மதிலைத் தாண்டி யாராவது தப்பியிருக்கிறார்களா? (வாசகர், தக்கலை)

கான்கிரீட் மதில் வந்தபின் ஒரே ஒருவர். 1973 மே மாதம், அந்தப் பகுதி நன்றாகத் தெரிந்த ஒருவர், தடைப் பட்டைக்குள் வர அனுமதி உள்ளவர், வண்டியை மதிலோரம் நிறுத்தி ஏணி வைத்து ஏறிக் குதித்துவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும். மதில் தோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் நின்றது, உண்மையான எல்லை தோட்டின் நடுவில். அதனால் மதிலைத் தாண்டிக் குதித்ததும் முடிந்தது என்று நிற்க முடியாது. தோட்டையும் தாண்ட வேண்டும். அதுவரை மண் கிழக்கு ஜெர்மனியுடையதுதான். மேற்கிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களும் தண்ணீரில் கால் வைத்தால் எல்லை மீறியது ஆகிவிடும் என்பதால் "நில், இங்கே எல்லை" என்று பவேரியப் பக்கம் பலகை வைத்திருந்தார்கள்.

ஒரு அமெரிக்க ஜனாதிபதி அங்கே வந்ததாகப் படித்தேன், உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

வந்தபோது அவர் துணை ஜனாதிபதி. ஜார்ஜ் புஷ், மூத்தவர், 1983 பிப்ரவரியில் வந்து மதிலைப் பார்த்தார். கென்னடி பெர்லினில் "நான் ஒரு பெர்லின்காரன்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னது உலகம் அறிந்தது. புஷ் அதே பாணியில் "நான் ஒரு மோட்லராய்ட்காரன்" என்று சொன்னார். மதில் விழுந்த 1989இல் அவர்தான் ஜனாதிபதி.

பெர்லின் மதில் விழுந்த அன்றே இங்கேயும் விழுந்ததா? (பள்ளி ஆசிரியை, குலசேகரம்)

இல்லை டீச்சர், இன்னும் ஒரு மாதம் காத்திருந்தார்கள். பெர்லினில் 1989 நவம்பர் 9 இரவு வாசல் திறந்தது, தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. மோட்லராய்டில் மதில் அப்படியே நின்றது, விளக்கும் எரிந்தது. மக்கள் கேட்டுக் கேட்டு, டிசம்பர் 9ஆம் தேதிதான் மதிலில் ஒரு திறப்பு உண்டாக்கி, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் வழி விட்டார்கள். 1952இல் பிரிந்த அக்கம்பக்கத்தார் அன்றைக்குத்தான் ஒருவர் வாசலுக்கு ஒருவர் வந்தார்கள். நடுவில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மதிலை இடித்தது 1990 ஜூன் 17. அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு, 1953இல் அதே நாளில் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் அரசை எதிர்த்து எழுந்தார்கள், சோவியத் டாங்கிகள் அதை நசுக்கின. மண் அள்ளும் இயந்திரம் வந்து மதிலைச் சாய்த்தது. ஆனால் ஏறக்குறைய 100 மீட்டரை மட்டும் தொடாமல் விட்டார்கள். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். அத்தனை வருட ஆத்திரத்தில் எல்லாவற்றையும் தூளாக்கிவிட்டால் நன்றாகத்தான் இருந்திருக்கும், பேரப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? அதே 1990இலேயே அருங்காட்சியகத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

இப்போது ஒரே நாடாகிவிட்டது, இரண்டு பாதியையும் ஒரே மாநிலத்தில் சேர்த்துவிட வேண்டியதுதானே? (வாசகர், கொல்லங்கோடு)

இதைத்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கவில்லை. தோடு இன்றைக்கும் எல்லைதான். தெற்குக் கரை பவேரியாவின் ட்யோப்பன் ஊராட்சியில், வடக்குக் கரை தூரிங்கியாவின் கெஃபல் நகராட்சியில். ஐம்பது பேருக்கு இரண்டு மேயர், இரண்டு சட்டமன்றம், இரண்டு பாடத்திட்டம். அஞ்சல் குறியீடு இக்கரைக்கு 95183, அக்கரைக்கு 07926. தொலைபேசிக் குறியீடும் வேறு வேறு. வண்டி நம்பர் பலகையில் இக்கரைக்கு ஹோஃப் மாவட்டத்தின் எழுத்து, அக்கரைக்கு சாலே-ஓர்லா மாவட்டத்தின் எழுத்து. பார்த்தவுடன் சொல்லும் வணக்கமே வேறு, பவேரியப் பக்கம் 'க்ரூஸ் காட்', கடவுள் உன்னை வாழ்த்தட்டும் என்ற பொருளில். தூரிங்கியாப் பக்கம் 'கூட்டன் டாக்', நல்ல நாள்.

விடுமுறை நாளிலும் இந்த வித்தியாசம் தெரியும். மார்ட்டின் லூதரின் சீர்திருத்த நாளான அக்டோபர் 31 தூரிங்கியாவில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. மறுநாள் நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், பவேரியாவில் விடுமுறை, தூரிங்கியாவில் இல்லை. ஆக அக்கரைப் பிள்ளைகள் விளையாடும்போது இக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அடுத்த நாள் அப்படியே மாறிவிடும். நவம்பர் 1 என்றதும் உங்களுக்கு வேறு ஒன்று நினைவு வரும். நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள் என்று இங்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், களியக்காவிளை தாண்டினால் அதே நாளில் கேரளப் பிறவி, அதாவது கேரள மாநிலம் பிறந்த நாள், கொண்டாடுகிறார்கள்.

மோட்லராய்டில் இதனால் யாருக்கும் மனக்குறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றான நாளில், இரண்டு கரையும் சேர்ந்து கொண்டாடுகிறது. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கரையிலிருந்து பாத்திரம் வாங்கி வர வேண்டும் என்றால் தோட்டைத் தாண்டி நடந்து போய் வாங்கி வருகிறார்கள், அவ்வளவுதான் வேண்டும். 1810 முதல் போர் முடியும் வரைக்கும் அந்தக் கோடு இருந்தது, 1990க்குப் பிறகும் இருக்கிறது, இரண்டு காலத்திலும் யாரையும் அது வதைக்கவில்லை. நடுவில் ஒரு அரசு தன் சொந்த மக்களைப் பூட்டி வைக்க அதன் மேல் மதில் எழுப்பியதே, வதைத்தது அதுதான்.

ஒரு ஆட்சேபம். நம் எல்லையையும் அந்த மதிலையும் ஒப்பிட்டுப் பேசுவது தப்பு. நாம் போராடி வாங்கிய எல்லை இது. (மூத்த வாசகர், புதுக்கடை)

ஐயா, நீங்கள் புதுக்கடைக்காரர், உங்களுக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று உங்கள் ஊரிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களை நான் மறக்கவில்லை. மார்ஷல் நேசமணியும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் வருடக்கணக்காகப் போராடி, 1956இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்கள் வந்து சேர்ந்தன. தாய்மொழியில் படிக்கவும் தாய்மொழியில் மனு எழுதவும் மக்கள் கேட்டு வாங்கிய கோடு அது. மோட்லராய்டில் மக்களை யாரும் கேட்கவே இல்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அப்படித் தொனித்திருந்தால் வருந்துகிறேன்.

நான் ஒப்பிடுவது ஒன்றை மட்டும்தான், கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஊராக வாழ முடிகிறதா என்பதை. நம்மிடம் அதற்கு நல்ல சாட்சி உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நவராத்திரிக்கு சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வேளிமலைக் குமாரசுவாமியும் பத்மநாபபுரம் சரஸ்வதியும் திருவனந்தபுரம் புறப்படும்போது, களியக்காவிளையில் இந்த மாநிலத்துப் போலீஸ் மரியாதை கொடுத்து வழியனுப்ப, அந்த மாநிலத்துப் போலீஸ் மரியாதை கொடுத்து வரவேற்கிறது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன், எல்லை என்றால் இவ்வளவு பூவும் மேளமும் இருக்கும் இடம் போலிருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004க்குப் பிறகு விளவங்கோடு பக்கத்து வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நெல் வயல் ரப்பர் தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் மாறியதை என் கண்ணாலேயே பார்த்தேன். தண்ணீருக்கு ஏது மாநிலம்? ஐயா, இந்த விஷயத்தில் உங்களுக்கும் எனக்கும் ஒரே கோபம்தான்.

மதில் இருந்த இடத்தில், காலியாகக் கிடந்த நிலத்தில், இப்போது என்ன இருக்கிறது? (விவசாயி, பேச்சிப்பாறை)

நல்ல கேள்வி. பட்டைக்குள் ஆள் நடமாட்டம் இல்லாமல் நாற்பது வருடம் கிடந்ததால், வேறு இடங்களில் உரமும் மருந்தும் போட்டு விரட்டிவிட்ட பறவை, பூச்சி, செடி எல்லாம் அங்கே தஞ்சம் புகுந்திருந்தன. மோட்லராய்டில் வழி திறந்த அதே 1989 டிசம்பர் 9 அன்று, பக்கத்து ஹோஃப் நகரத்தில் இரண்டு ஜெர்மனியிலிருந்தும் இயற்கை ஆர்வலர்கள் கூடி, இந்த நிலத்தை உழாமல், பிளாட் போடாமல் பசுமைப் பட்டையாகக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு பக்கம் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருக்கிற நாளில், இன்னொரு பக்கம் சில பேர் குருவிக்காகக் கூட்டம் போட்டிருக்கிறார்கள்! இன்று பழைய எல்லை நெடுக, ஏறக்குறைய 1,400 கிலோமீட்டருக்கு அந்தப் பசுமைப் பட்டை நீள்கிறது, சில இடங்களில் விட்டு விட்டு. பேச்சிப்பாறைக்காரருக்குக் காட்டின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகள் நர்சாக நியூரம்பெர்க்கில் வேலை செய்கிறாள். போன இதழைப் படித்துக் காட்டினேன், போக வேண்டும் என்கிறாள். எப்படிப் போவது, என்ன பார்ப்பது? (வாசகி, கருங்கல்)

மகளுக்கு என் அன்பு. நியூரம்பெர்க்கிலிருந்து ஹோஃப் நகரத்துக்கு ரயில் இருக்கிறது, காலையில் கிளம்பினால் அன்றே போய்த் திரும்பலாம். ஹோஃபிலிருந்து ஊருக்குள் போகத்தான் யோசிக்க வேண்டும், கிராமம் என்பதால் பஸ்ஸை நம்ப வேண்டாம், வண்டி வைத்திருக்கும் தோழிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் பனி கடுமை, மே முதல் செப்டம்பர் வரை நல்லது. அருங்காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தைப் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளட்டும்.

பார்க்க வேண்டியது எல்லாம் நடக்கிற தூரத்தில்தான். முதலில் உள்ளே திரைப்படம் காட்டுவார்கள், ஊரின் கதையைச் சொல்லும் படம், அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கண்ணுக்குப் படுவதெல்லாம் வேறு மாதிரி தெரியும். எல்லைக் காவலில் ஓடிய வண்டிகளையும் வைத்திருக்கிறார்கள். அப்புறம் வெள்ளை மதில், மிச்சம் வைத்த அந்த 100 மீட்டர். பக்கத்தில் காவல் கோபுரம், கம்பி வேலி, கறுப்பு சிவப்பு தங்க நிறம் பூசிய எல்லைத் தூண்கள். மதிலுக்குப் பின்னால் சாதாரண வீடுகள், கொடியில் துணி காயும், யாராவது புல் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மேற்குக் கரை மேட்டில் ஏறி நின்று, முன்பு அங்கிருந்து கை அசைத்தவர்களுக்கு எது தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது என்று ஒரு முறை பார்க்கட்டும்.

கடைசியாகத் தோடு. சின்னப் பாலம் இருக்கிறது, ஆனால் வாய்ப்பிருந்தால் தண்ணீர் குறைவான இடத்தில் தாண்டிப் பார்க்கட்டும். ஒரு கால் பவேரியா, மறு கால் தூரிங்கியா. கரையோரம் 1810இல் நட்ட கல்லைத் தேடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் எழுத்து இருக்கும். அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் எனக்கு அனுப்புங்கள். களியக்காவிளை வாசகி தன் சமையலறை வாசலில் நின்று ரப்பர் தோட்டத்தைப் படம் எடுத்துத் தருவதாக எழுதியிருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துப் போட ஒரு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.